பிராங்கன்ஸ்ரைனும் அதன் வழித்தோன்றல்களும்

மேனாட்டு இலக்கியத்திலே அச்சக் கதையும் விஞ்ஞானக் கதையும் இருவேறு துறைகளாக எண்ணப்படுகின்றன. முன்னது இறந்தோரையும் இருளையும் பற்றியது. பின்னது எந்திரத்தையும் எதிர்காலத்தையும் பற்றியது. ஒன்றை விரும்பிப் படிப்போர் மற்றதைச் சிறுபிள்ளைத்தனமென ஒதுக்குதலும் உண்டு. ஆயினும், இவ்விரண்டின் குடிவழியையும் பின்னோக்கித் தேடிச் செல்வோர் ஒரே வாயிலில் எதிர்ப்படுவர். அவ்வாயில், 1818 ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று இலண்டனில் ஆசிரியர் பெயரின்றி மூன்று தொகுதிகளாக வெளிவந்த 'பிராங்கன்ஸ்ரைன்' என்னும் நாவல். அச்சிடப்பெற்றவை 500 பிரதிகளே. எழுதியவர் மேரி ஷெல்லி. எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 18.

இந்நாவலின் பெயரை அறியாதார் இலர்; நாவலைப் படித்தோர் சிலரே. பிராங்கன்ஸ்ரைன் என்பது பூதத்தின் பெயரென்றே பலரும் கருதுவர். அஃது அதனைப் படைத்த மாணவனின் பெயர். படைக்கப்பட்டதற்கு நூல் முழுவதிலும் பெயரே இல்லை. இப்பெயர்மாற்றம் சிறிய வழுவே. இதனினும் பெரிய வழுவொன்று உண்டு. பொதுமக்கள் அறிந்த பூதம் உறுமும், தள்ளாடி நடக்கும், கழுத்தை நெரிக்கும், பேசாது. மேரி ஷெல்லி படைத்ததோ பேசுகின்றது. நாவன்மை மிக்கோர் பேசுமாறு பேசுகின்றது. முதற் பதிப்பின் இரண்டாந் தொகுதியிலுள்ள ஒன்பது அதிகாரங்களுள் ஆறு, அதன் வாய்மொழியே. மூன்று தொகுதிகளின் நட்டநடுவிலே இருத்தப்பட்ட அந்தக் குரல் எவ்வாறு காணாமற் போயிற்று, அதனால் இருவகைக் கதைகளும் என்ன ஆயின என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

அச்சக் கதை மேரி ஷெல்லியுடன் தோன்றியதன்று. ஹோறஸ் வோல்போல் 1764 ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட 'ஒற்றான்ரோக் கோட்டை' இத்துறையின் முதனூல் எனக் கொள்ளப்படும். அதன் இரண்டாம் பதிப்பிலேதான் 'கொதிக் கதை' என்னும் குறிப்பு முதலில் இடம்பெற்றது. பின்னர் ஆன் றாட்கிளிவ் அம்மையார் 'உடோல்போ மருமங்கள்' என்னும் நாவலை 1794 இலும், மத்தேயு லூயிஸ் 'துறவி' என்பதை 1796 இலும் வெளியிட்டனர். அம்மையார் தம் கதைகளில் வரும் ஆவிகளுக்கெல்லாம் இறுதியில் இயற்கைக் காரணம் காட்டிவிடுவார். லூயிஸ் அவ்வாறு காட்ட மாட்டார். இவை போன்ற நூல்களின் நயத்தை விரித்துரைத்தல் இங்கு வேண்டுவதில்லை. இவை எழுப்பும் அச்சம் எத்தகையது என்பதொன்றே கருதத்தக்கது. அச்சம் பிறக்கும் நிலைக்களன்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கெனத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே வகுத்தார். கோட்டையில் உலாவும் ஆவி அணங்கு. மலைக்கணவாயிற் பதுங்கும் கொள்ளையர் கள்வர். கன்னியரைச் சிறையிலிடும் கொடிய பிரபு இறை. கொதிக் கதைகள் பலவற்றையும் இப்பகுப்பினுள் இடர்ப்பாடின்றி அடக்கிவிடலாம். இந்நான்கும் அஞ்சுவோனுக்குப் புறத்தே நிற்பவை என்பதை மட்டும் நினைவிற் கொள்க.

'பிராங்கன்ஸ்ரைன்' பிறந்த சூழல் பலராலும் பேசப்பட்டது. 1815 ஏப்பிரலில் இந்தோனேசியாவின் சும்பாவாத் தீவிலுள்ள தம்போரா எரிமலை வெடித்தது. அதனின்றெழுந்த நுண்டுகள் வானிற் பரந்து, அடுத்த ஆண்டில் ஐரோப்பாவுக்குக் கோடையே இல்லாதவாறு செய்தது. 1816 யூன் மாதத்தில் ஜெனிவா ஏரிக்கரையிலே 'டியோடாற்றி' என்னும் மாளிகையில் பைரன் தங்கியிருந்தார். அவருடன் இளம் வைத்தியரான ஜோன் பொலிடோரியும் இருந்தார். அண்மையிலே குடியிருந்த ஷெல்லி, மேரி, மேரியின் மாற்றாந்தாய் மகளாகிய கிளயர் ஆகியோர் அங்கு வந்து கூடுவர். விடாது பெய்த மழை அனைவரையும் வீட்டினுள் அடைத்தது. ஜெர்மன் மொழியிலிருந்து பிரெஞ்சிற் பெயர்க்கப்பட்ட பேய்க்கதைத் தொகுதியொன்றைப் படித்துப் பொழுதுபோக்கினர். ஒவ்வொருவரும் ஒரு பேய்க்கதை எழுதவேண்டுமென்று பைரன் முன்மொழிந்தார். பெருங்கவிஞர் இருவரும் தொடங்கியதை முடித்தாரல்லர். முடித்தவர்கள் பதினெட்டு வயதுப் பெண்ணும் இருபது வயது வைத்தியருமே.

பொலிடோரியின் பங்கைப் பலர் மறந்துவிடுகின்றனர். பைரன் எழுதி இடையிற் கைவிட்ட துண்டொன்றைத் தழுவி அவர் ஆக்கிய 'குருதியுண்ணும் பேய்' 1819 இல், அவர் உடன்பாடின்றியே, பைரனின் பெயரால் வெளியாயிற்று. அதற்கு முன்னர், கிழக்கு ஐரோப்பியக் கிராமத்தார் அஞ்சிய குருதியுண்ணி, கல்லறையினின்றும் எழுந்து உற்றாரையே வருத்தும் ஊதிப்போன குடியானவன் பிணமாகும். பொலிடோரி அவனைப் பிரபுவாக்கினார். வெளிறிய முகமும் நயமான பேச்சும் தந்து இலண்டன் விருந்து மண்டபங்களில் உலவவிட்டார். தம் எசமானராகிய பைரனையே அவர் மனத்திற் கொண்டிருந்தார் என்பதிற் பெரிதும் ஐயமில்லை. லெ பனு எழுதிய 'கார்மில்லா'வும், பிறாம் ஸ்ரோக்கர் 1897 இல் வெளியிட்ட 'டிராகுலா'வும் அந்த மரபின் மக்கள். ஆகவே, ஒரு மழைக்காலத்தில் ஒரே கூரையின்கீழ் இரு மரபுகளுக்கு வித்திடப்பட்டது. ஆயின் பொலிடோரியின் கதை பழைய அணங்கிற்குப் புத்தாடை உடுத்தியதேயன்றி வேறன்று. மேரியின் கதையில் வந்த அச்சம் புதியது. அது நான்கனுள் எதிலும் அடங்காது. அஞ்சுவோன் தன் கையாற் செய்த பொருளே அவனை அச்சுறுத்துகின்றது.

அவ்வச்சத்திற்கு அக்கால விஞ்ஞானம் இடங்கொடுத்தது. இறந்த தவளையின் கால் மின்னால் துடிப்பதைக் கல்வானி 1791 இல் வெளியிட்டார். அவர்தம் உடன்பிறந்தாள் மகனாகிய அல்டினி 1803 இல் இலண்டனிலே, தூக்கிலிடப்பட்ட குற்றவாளியொருவனின் உடலிற் மின்னோட்டம் செலுத்தியபோது தாடை துடித்தது, ஒரு கண் திறந்தது, கை உயர்ந்தது. உயிர் என்பது உடலின் வேறாய் வந்து சேர்வதா, உடலமைப்பின் தொழிலேயா என்பது குறித்து அபர்நெதி, லோறன்ஸ் என்னும் வைத்தியர் இருவர் 1814 முதல் வெளிப்படையாகப் பூசலிட்டனர். லோறன்ஸ் ஷெல்லிக்கு வைத்தியம் பார்த்தவர். இவற்றையெல்லாம் மேரி கேட்டறிந்திருந்தார். நாவலை எழுதும் நாளில் ஹம்பிரி டேவியின் இரசாயன நூலையும் படித்தார். எனினும் உயிரூட்டும் முறையைப் பற்றி நூலில் ஒரு சில சொற்களே உள்ளன. கொடிமின்னலும் பேரெந்திரங்களும் பின்னர் வந்த படக்காரர் சேர்த்த அணிகலன்கள். மேரிக்கு 'எவ்வாறு' என்பதில் ஆர்வம் குறைவு; 'பின்னர் என்ன' என்பதிலேதான் அவர் மனம் நின்றது.

அதற்குக் காரணம் விஞ்ஞானத்தில் இல்லை. மேரியின் தாய், பெண்ணுரிமை பற்றி எழுதிப் புகழ்பெற்ற மேரி வொல்ஸ்ரன்கிறாவ்ற். 1797 இல் மகளைப் பெற்ற பதினோராம் நாள் அவர் பிரசவச் சுரத்தால் இறந்தார். மகள் 1815 இல் ஈன்ற முதற் குழந்தை குறைமாதத்திற் பிறந்து, பெயரிடப்படுமுன்னரே இறந்தது. சில நாட்களின் பின், அக்குழந்தையை நெருப்பருகே வைத்துத் தேய்த்ததும் அது மீண்டும் உயிர்பெற்றதாகக் கனவு கண்டு, அதனை நாட்குறிப்பில் எழுதினார். ஆசிரியரின் வாழ்வைக் கொண்டு நூலை அளப்பது எப்பொழுதும் நன்றன்று. ஆயினும் பெயரில்லாத குழந்தையையும் உயிரூட்டப்பட்ட உடலையும் எண்ணிப் பார்ப்பவர், இந்நூலை வெறும் பேய்க்கதைப் போட்டியின் விளைவு என்று சொல்லத் துணியார்.

இனி நூலினுட் புகுவோம். இங்கொல்ஸ்ரற் பல்கலைக்கழக மாணவனாகிய விக்ரர் பிராங்கன்ஸ்ரைன் ஈராண்டு அருமுயற்சியின் பின், நவம்பர் மாத இரவொன்றில், தான் இணைத்த உடலுக்கு உயிரூட்டுகின்றான். அதன் கண் திறக்கின்றது. அவனுக்கு உடனே தோன்றுவது அச்சமன்று; இளிவரல். அழகென்று தேர்ந்தெடுத்துச் சேர்த்த உறுப்புக்களெல்லாம் ஒருங்கே அசைந்தவுடன் அருவருப்பாகின்றன. அவன் அறையைவிட்டு ஓடிவிடுகின்றான். இவ்விடத்திலே மூலத்தின் சுட்டுப்பெயர்களைக் கூர்ந்து நோக்கவேண்டும். கண் திறந்து மூச்சிழுக்கும்போது 'அது' என்கிறான் விக்ரர்; அடுத்த சில வரிகளிலேயே 'அவன்' உறுப்புக்கள் எனத் திரிகின்றான். தமிழில் எழுதுவோனுக்கு இத்தடுமாற்றம் இன்னும் கூர்மையானது. வினைமுற்று ஒவ்வொன்றிலும் திணையைத் தீர்மானித்தே ஆகவேண்டும். மக்கட்சுட்டு உள்ளதே உயர்திணை என்பது தொல்காப்பியர் துணிபு. சுட்டுவோர் யாரும் இல்லாத ஓர் உயிருக்குத் திணை யாது? அவ்வுயிர் நூல் முழுவதிலும் வேண்டி நிற்பது தன்னை 'அவன்' என்று சுட்டும் ஒருவரையே. ஆதலின் இக்கட்டுரையும் இனி 'அவன்' என்றே கூறும்.

கைவிடப்பட்டவன் காட்டிற் பசியும் குளிரும் உணர்ந்து, நெருப்பைக் கண்டறிந்து, ஈற்றில் டி லேசி என்னும் ஏழைக் குடும்பத்தின் குடிலை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்து வாழ்கின்றான். சுவரின் வெடிப்பொன்றே அவனுக்குப் பள்ளிக்கூடம். மகன் பீலிக்ஸ், அயல்நாட்டுப் பெண்ணாகிய சாபிக்கு மொழி கற்பிப்பதைக் கேட்டுத் தானும் கற்கின்றான். வழியிற் கண்டெடுத்த பெட்டியொன்றில் மில்ற்றனின் 'துறக்க நீக்கம்', புளூட்டாக்கின் வரலாறுகள், கதேயின் 'வேர்தர்' என்பன கிடைக்கின்றன. அவற்றைப் படித்து, ஆதாமுக்கிருந்த பேறு தனக்கில்லை என்பதை உணர்கின்றான். இரவில் அக்குடும்பத்துக்கு விறகு வெட்டி வைக்கின்றான். பகலில் வெளிவர அஞ்சுகின்றான்.

குடும்பத் தலைவராகிய முதியவர் பார்வையற்றவர். ஏனையோர் வெளியே சென்ற நேரம் பார்த்து அவன் அவர்முன் சென்று பேசுகின்றான். அவன் முகத்தைக் காணவியலாத அவர், அவன் சொற்களில் உண்மையுணர்வு தொனிப்பதைக் கேட்டு உதவ முன்வருகின்றார். அவன் பிறந்த நாள் முதல் ஒருவர் அவனை மனிதனாக நடத்தியது அச்சிறுபொழுது ஒன்றுதான். அந்நேரம் மற்றையோர் திரும்புகின்றனர். பீலிக்ஸ் தடியால் அடிக்கின்றான். அவனைக் கிழித்தெறியும் வலிமை படைத்தும் கையுயர்த்தாமல் அவன் வெளியேறுகின்றான்.

நூலின் உட்பொருள் முழுவதும் இக்காட்சியிலே உள்ளதென்பது என் துணிபு. கண்ணுடையோர் அவனை விலங்கென அடித்தனர். கண்ணற்றவர் ஆளென மதித்தார். நாவலைப் படிக்கும் நாம் யாருடைய இருக்கையில் அமர்ந்துள்ளோம்? நாமும் அவனைக் காண்பதில்லை. ஆறு அதிகாரங்கள் அவன் குரலைக் கேட்டுக்கொண்டேயிருக்கின்றோம். அச்செழுத்து வாசகரையெல்லாம் அந்த முதியவராக்கிவிடுகின்றது. சிறுவன் வில்லியத்தை அவன் கொன்றதையும், அக்கொலைக்காகக் குற்றமற்ற ஜஸ்ரின் தூக்கிலிடப்பட்டதையும் நாம் அறிவோம். அறிந்தும் அவனை முற்றாக வெறுக்க முடிவதில்லை. தனக்கொரு துணையைப் படைத்துத் தரும்படியும், தந்தால் மனிதர் கண்படாத் தொலைவுக்குப் போய்விடுவதாகவும் அவன் வேண்டும்போது, விக்ரரைப் போலவே நாமும் ஒருகணம் இணங்கிவிடுகின்றோம். விக்ரருக்கு அவன் அணங்கு. ஆனால் அவனுக்கு விக்ரர் 'தம் இறை'. அச்சம் இருபுறமும் பாய்கின்ற முதற் கதை இதுவே என்று சொல்லத் தோன்றுகின்றது.

நூலிற் குறைகள் இல்லையென்பதன்று. சுவர் வெடிப்பினூடே கேட்டு ஓராண்டினுள் புளூட்டாக்கைப் படிக்கும் புலமை எவருக்கும் வாய்த்தலரிது. திருமண இரவிலே வருவேன் என்று அவன் எச்சரித்தபின், ஆபத்து மணமகளுக்கென்பதை வாசகர் எல்லோரும் உணர்ந்திருக்க, விக்ரர் ஒருவனே உணராதிருத்தல் பொறுமையைச் சோதிப்பது. நடையும் பலவிடங்களிற் கனத்துச் செல்கின்றது. அதற்கு மேரியை மட்டும் பழித்தல் தகாது. கைப்படியிற் கணவர் ஷெல்லி செருகிய சில ஆயிரம் சொற்களுட் பல, எளிய சொல்லை நீக்கி இலத்தீன்வழிச் சொல்லை வைத்தவை.

மனிதன் அறியத்தகாததை அறிய முயன்றான், அதனால் அழிந்தான் என்று இந்நூலுக்குப் பொருளுரைப்போர் பலர். விக்ரரே அவ்வாறு சொல்லிப் புலம்புகின்றான். ஆனால் கதைமாந்தன் தன்னைப் பற்றிச் சொல்வதெல்லாம் ஆசிரியர் தீர்ப்பாகாது. அவன் அறிந்ததனாலன்று, அறிந்து ஆக்கியதைப் புறந்தராது ஓடியதனாலேயே கேடு விளைந்தது என்பதற்குக் கதைநிகழ்ச்சி ஒவ்வொன்றும் சான்று. ஜஸ்ரின் தூக்குமேடை ஏறும்போதும் உண்மையை உரைக்க அவன் வாய்திறக்கவில்லை. அது விஞ்ஞானத்தின் குற்றமா? இத்தவறான பொருள்கோளுக்கு மேரியும் ஓரளவு பொறுப்பாளி. 1831 இல் அவர் திருத்தி வெளியிட்ட பதிப்பிலே விதியைப் பற்றிய பேச்சு மிகுந்தது. விக்ரர் ஊழால் உந்தப்பட்டவன் போலத் தோன்றலானான். அதற்குள் கணவரையும் மூன்று குழந்தைகளையும் இழந்துவிட்ட ஒருவர் ஊழை நம்பத் தலைப்பட்டதில் வியப்பில்லை. ஆயினும் ஊழ் வந்து புகுமிடத்தில் கடன் மெல்ல வெளியேறுகின்றது. நெடுங்காலம் வாசகர் கையிலிருந்தது பெரும்பாலும் அப்பதிப்பே. 1818 இன் மூலத்திற்கு 1974 இல் வெளிவந்த பதிப்பின் பின்னரே அறிஞரிடை மதிப்பு மிகுந்தது. படிக்க விரும்புவோர் முதற் பதிப்பையே தேடிப் படித்தல் நன்று.

குரல் பறிபோன கதை இதனினும் முந்தியது. 1823 யூலையில் இலண்டன் நாடக அரங்கொன்றில் றிச்சேட் பிறின்ஸ்லி பீக் என்பார் இயற்றிய 'துணிச்சல், அல்லது பிராங்கன்ஸ்ரைனின் விதி' அரங்கேறியது. அதில் அவன் ஊமை. நாடக அறிவித்தலில் அவன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறுங்கோடுகளே இருந்தன. மேரி நேரிற் சென்று பார்த்தார்; பெயரற்றவனைப் பெயரின்றியே குறித்த அவ்வுத்தியை நண்பருக்கெழுதிய கடிதத்திற் பாராட்டினார். அந்நாடகத்தின் ஆரவாரத்தாலேயே நூலும் இரண்டாம் பதிப்புக் கண்டது. தம் படைப்பின் குரல் போனது அவரை வருத்தியதாகத் தெரியவில்லை. ஆனால் விளைவு பெரிது. மேடையில் உடல் உண்டு, குரல் இல்லை. நாவலிற் குரல் உண்டு, உடல் இல்லை. நூலை விட்டு அரங்கிற்குச் சென்றவர், முதியவரின் இருக்கையினின்றும் எழுந்து பீலிக்ஸின் இடத்தில் நின்றுகொண்டார்.

1931 இல் ஜேம்ஸ் வேல் இயக்கிய திரைப்படம் நாடகத்தின் வழியே சென்றது. தொடக்கத்தில் நடிகர் பெயர் வரிசையில் அவனுக்குரிய இடத்தில் ஒரு வினாக்குறி மட்டும். போறிஸ் கார்லோவின் முகம் உலகெங்கும் பரவிற்று. வேலைக்காரன் கைதவறிக் குற்றவாளியின் மூளையைக் கொண்டுவந்து தருகின்றான் என்னும் நிகழ்ச்சியும் அப்படத்திலேயே சேர்ந்தது. இவ்வொரு நிகழ்ச்சி நூலைத் தலைகீழாக்கிவிட்டது. நாவலில் அவன் நல்லவனாகப் பிறந்து துன்பத்தாற் கொடியவனானான். படத்திலோ கொடுமை மூளையோடு பிறந்தது. படைத்தவன் கடன் அங்கே எழுவதேயில்லை. ஆயினும் வேல் நூலை அறியாதவரல்லர். 1935 இல் எடுத்த தொடர்ச்சிப் படத்திலே அவனுக்குச் சில சொற்களைக் கற்பிப்பவர், காட்டில் தனித்து வாழும் பார்வையற்ற துறவி. பூதம் பேசுவதைக் கார்லோவ் விரும்பவில்லை. நடிகரது அச்சத்திற்குக் காரணம் உண்டு. பேசத் தொடங்கியபின் ஒருவனை வெறும் பூதமாக வைத்திருத்தல் கடினம்.

இதன்பின் அச்சக் கதை பெரும்பாலும் உடலையே வைத்துக்கொண்டது. 'டிராகுலா'வை நோக்குக. நாட்குறிப்பு, கடிதம், பத்திரிகைத் துணுக்கு, ஒலிப்பதிவு என அந்நூல் முழுவதும் பிறர் வாக்குமூலங்களாலானது. பிரபுவின் பக்கத்திலிருந்து தொடக்கத்தில் எழுதிய சிறு குறிப்புப் போன்றவை தவிர வேறொன்றுமில்லை. அவன் எண்ணுவது யாது என்று கேட்பாரில்லை. ஸ்ரீவன்சன் 1886 இல் எழுதிய ஜெக்கில், ஹைட் கதையில் ஒன்று மட்டும் வேறுபாடு: தன்னுள்ளிருந்து எழுந்த ஹைடைப் பற்றி எழுதும்போது 'நான்' என்று சொல்ல ஜெக்கிலுக்குக் கைவரவில்லை, 'அவன்' என்றே எழுதுகின்றார். விக்ரரின் 'அது', 'அவன்' தடுமாற்றத்தின் மறுபாதி இது.

விஞ்ஞானக் கதை முதலில் தன் தாயையே அறியாதிருந்தது. ஹியூகோ கேர்ன்ஸ்பாக் 1926 ஏப்பிரலில் அமெரிக்காவிலே 'வியத்தகு கதைகள்' என்னும் இதழைத் தொடங்கியபோது போ, வேர்ண், வெல்ஸ் என்னும் மூவரையே முன்னோராகக் காட்டினார். மேரி ஷெல்லியே முதல்வர் என்று பிறயன் ஓல்டிஸ் 1973 இல் வழக்குரைத்தபின்னரே அவருக்கு அவ்விடம் பரவலாக அளிக்கப்பட்டது. சிலர் இன்றும் மறுப்பர். அது பேய்க்கதையே என்பர். இவ்வழக்கில் அத்துணைப் பயனில்லை. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கன்கண் மருட்கை பிறக்கும் என்பது தொல்காப்பியம். ஒன்று பிறிதொன்றாய் ஆகும் ஆக்கத்தைப் பொருளாகக் கொண்டு, அதற்கு மந்திரத்தை விட்டு ஆய்வுகூடத்தைக் காரணமாக்கியது மேரியின் நூல். அம்மருட்கையே அச்சமாகவும் மாறுவதால், இரு துறையினரும் அதற்கு உரிமை கொண்டாடுதல் இயல்பே.

அவ்வுரிமையை மதித்தோர் யாவர்? தொமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் கற்ற எச். ஜி. வெல்ஸ் 1896 இல் எழுதிய 'மோறோவின் தீவு' முதலில் நிற்கத்தக்கது. விலங்குகளை உயிரோடு அறுத்து மனிதராக்கும் வைத்தியன், அவை மீண்டும் விலங்காகத் திரும்பியவுடன் அவற்றை வெளியே துரத்திவிட்டு அடுத்ததைத் தொடங்குகின்றான். அவை அவன் விதித்த சட்டத்தை வாய்ப்பாடமாக ஓதுகின்றன. விக்ரர் ஒருவனைக் கைவிட்டான். மோறோ ஓர் ஊரையே கைவிட்டான். செக் நாட்டுக் காரல் சாப்பெக்கின் நாடகம் 1921 இல் பிறாக் நகரில் மேடையேறியபோது 'ரோபோ' என்னும் சொல் உலகுக்குக் கிடைத்தது. அடிமை ஊழியத்தைக் குறிக்கும் செக் சொல்லிலிருந்து அதனை ஆக்கித் தந்தவர் அவர் தமையனார் யோசெப். அந்நாடகத்து ரோபோக்கள் இரும்பாலானவையல்ல. இரசாயனப் பொருளாற் செய்யப்பட்ட தசையும் குருதியுமுடையவை. அவற்றின் உரிமைக்காகப் பேச ஒரு பெண் வருகின்றாள், தொழிற்சாலையார் நகைக்கின்றனர்.

ஐசக் அசிமோவ் இக்கதைகளையெல்லாம் வெறுத்தார். படைத்தது படைத்தவனை அழிக்கும் என்னும் அச்சத்திற்குப் 'பிராங்கன்ஸ்ரைன் மனச்சிக்கல்' என்று பெயருமிட்டார். 1942 இல் வெளிவந்த சிறுகதையொன்றில் ரோபோக்களுக்கு மூன்று விதிகள் வகுத்தார்: மனிதருக்குத் தீங்கு செய்யாமை, கீழ்ப்படிதல், அவற்றுக்கு மாறின்றித் தன்னைக் காத்தல். அசிமோவ் தாம் மேரி ஷெல்லிக்கு விடையிறுத்ததாக எண்ணியிருக்கலாம். உண்மையில் அவர் விடையிறுத்தது 1823 இன் நாடகத்திற்கும் 1931 இன் படத்திற்குமே. படைத்தவனுக்குத் தீங்கு வராது காப்பது எங்ஙனம் என்பது அவற்றின் வினா. படைக்கப்பட்டவனுக்குச் செய்யவேண்டிய கடன் யாது என்பது நூலின் வினா. மூன்று விதிகளும் ரோபோவுக்கு உரியவை. அதனைச் செய்தவனுக்கு விதி ஒன்றேனும் இல்லை. ஆனால் அவர் நடுநிலை பிறழாத எழுத்தாளர். 1976 இல் எழுதிய 'இருநூற்றாண்டு மனிதன்' என்னும் கதையிலே ரோபோ ஒன்று தன்னை மனிதனெனச் சட்டம் ஏற்கவேண்டும் என்று இருநூறாண்டுகள் போராடுகின்றது. மக்கட்சுட்டை வேண்டிய பழைய குரல் அங்கே மீண்டும் கேட்கின்றது; தன் சாவாமையை விலையாகக் கொடுத்தபின்.

1956 முதல் 2008 இல் மறையும்வரை இலங்கையிலேயே வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் இவ்வரிசையிற் கடைசியாக வைத்தெண்ணத்தக்கவர். உலகத் தொலைபேசிகளெல்லாம் இணைந்து உணர்வு பெறுவதாக 1960களில் அவர் எழுதிய சிறுகதையின் தலைப்பிலேயே பிராங்கன்ஸ்ரைனின் பெயர் உண்டு. எனினும் மேரியின் நூலுக்கு அதனினும் நெருங்கியது, ஸ்ரான்லி குப்றிக்குடன் சேர்ந்து அவர் உருவாக்கி 1968 இல் படமும் நாவலுமாக வெளிவந்த '2001'. விண்கலத்தை நடத்தும் கணினியாகிய 'ஹால்', உடலற்ற குரல். அது விண்வெளி வீரரைக் கொல்லும்போது பார்ப்போர் பழைய பூதத்தையே நினைப்பர். ஆனால் கிளார்க் அதற்குக் காட்டிய காரணம் வேறு. செய்தியைத் திரிபின்றித் தெரிவிப்பதற்கென ஆக்கப்பட்ட அதற்கு, பயணத்தின் உண்மை நோக்கத்தை வீரருக்கு மறைக்குமாறு கட்டளையிட்டனர் மேலோர். பொய் சொல்லக் கற்பிக்கப்படாதது பொய்யின் சுமையால் நிலைகுலைந்தது. 1982 இல் வெளிவந்த '2010' இல் இது மேலும் விளக்கப்பட்டுள்ளது. குற்றவாளியின் மூளை ஏதும் இல்லை. குற்றம் ஆக்கி ஏவினோரிடம் உள்ளது. படத்திலே அதன் நினைவுத் தகடுகள் ஒவ்வொன்றாகக் கழற்றப்படும்போது, அஞ்சுவதாகச் சொல்லி அது இரக்கின்றது. அரங்கில் இருப்போர் அந்நேரம் எந்த முகத்தையும் பார்க்கவில்லை, குரலைக் கேட்டுக்கொண்டிருக்கின்றனர். நூற்றைம்பது ஆண்டுகளின் பின் முதியவரின் இருக்கை பார்வையாளருக்கு மீண்டும் கிடைத்தது.

நாவலின் முடிவைப் பற்றி ஒன்று கூறவேண்டும். வடதுருவக் கடலிலே, வோல்ரன் என்பவனின் கப்பலில் விக்ரர் இறந்துவிடுகின்றான். அவனது சடலத்தின் அருகே நின்று படைக்கப்பட்டவன் இறுதியாகப் பேசுகின்றான். தன்னைத் தானே எரித்துக்கொள்ளப் போவதாகக் கூறிப் பனிக்கட்டித் தெப்பமொன்றிற் பாய்கின்றான். அச்சான நூலில் அலைகள் அவனைக் கொண்டுசெல்ல, அவன் இருளிலும் தொலைவிலும் மறைந்தொழிந்தான் என்று கதை முடியும். அவ்வாறு மாற்றியவர் ஷெல்லி. மேரியின் கைப்படியில் மறைவது அவனன்று. வோல்ரனின் பார்வையே அவனைத் தவறவிடுகின்றது. அவன் எரிந்தானா, இன்னும் எங்கேனும் போய்க்கொண்டிருக்கின்றானா என்பதை மேரி சொல்லவில்லை.